நான் தினமும் திறந்த பெட்டி

என் செல்ல அக்கா எஸ்தருக்கு,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் இரண்டு தேனீப் பெட்டிகளில் ஒன்று காலி. செத்துப்போகவில்லை, பயப்படாதே. கோபித்துக்கொண்டு போய்விட்டன. துரத்தியது நான்தான்.

நீ போனபின் அத்தான் நீங்கள் குடியிருந்த ஆகுர்டி வீட்டைக் காலி செய்துவிட்டு, மகளோடு இருக்கச் சென்னைக்குப் போனார். பெட்டிகளை யாரிடம் விடுவது என்று பேச்சு வந்தபோது, "நான் பாத்துக்கிடுதேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். டெம்போ பிடித்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் கராடிக்கு, எங்கள் கட்டட மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தேன். சொசைட்டிக்காரர்களிடம் கெஞ்சி அனுமதியும் வாங்கினேன். பெரிய சூரன் என்று நினைப்பு.

முதல் நாள் உன் வலைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தேன். தொப்பியில் உன் தேங்காயெண்ணெய் வாசம் அப்படியே இருந்தது. உள்ளிருந்த மரச்சட்டத்தைத் தூக்கினால், தேனடை முழுக்கத் தேனீக்கள், அவை பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டு. அக்கா, நீ அடுப்படியில் நிற்பது போலவே இருந்தது. நீ போனபின் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

அதன்பிறகு அந்தப் பெட்டியைத் தினமும் திறந்தேன். ஆபீஸுக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. உன் குரல் காதில் விழாமல் இல்லை. "ஏல, சும்மா சும்மா மூடியத் தொறக்காத. உள்ள பிள்ளையள வச்சு சூடு காத்துக்கிட்டு இருக்குதுவ. ஒன் வீட்டுக் கூரைய ஒருத்தன் தெனம் பேத்தெடுத்தா நீ அங்க குடியிருப்பியால?" ஆகுர்டி மாடியில் எத்தனை தடவை திட்டியிருப்பாய்! கேட்டேனா?

கொஞ்ச நாளில், காலில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு வருகிற தேனீக்கள் குறைந்தன. ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிட்டது, கிளம்பப் பார்க்கின்றன என்று அதற்கு அர்த்தம். அதையும் நீ சொல்லியிருந்தாய். எனக்கோ பயம். என்ன ஆச்சோ என்று இன்னும் அதிகமாகத் திறந்து பார்த்தேன். புத்தி எங்கே போயிற்று எனக்கு?

மேல்மாடி மராத்தி அம்மாதான் முதலில் பார்த்தார், எல்லாரும் காகு, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிறவர். துணி காயப்போட வந்தவர், "மாஷ்யா கேல்யா ரே!" என்று கத்தினார், தேனீ போச்சு என்று. ஓடிப்போய்ப் பார்த்தால், எதிர்க் கட்டடத்துக்கு மேலே புகை மாதிரி போய்க்கொண்டிருந்தன. அடையில் ஒரு சொட்டுத் தேன்கூட மிச்சம் வைக்கவில்லை.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா, ஒன்று கேட்கட்டுமா? நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் எத்தனை தடவை அந்த அறைக் கதவைத் திறந்தேன்? "ஒரே டிராபிக்கு. இந்தச் சனிக்கிழமை கண்டிப்பா வாரேங்க்கா" என்று சொல்லியே ஓட்டினேன். நீயும், "வேலையப் பாருல, நான் எங்க போயிரப் போறேன்" என்றாய். உன்னை வந்து பார்க்க நேரமில்லாதவன் உன் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இதில் ஒரு திருட்டுத்தனமும் உண்டு. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அத்தான் போன் போடுவார். "பூச்சியெல்லாம் சொகமா மாப்ள?" என்பார். "சூப்பரா இருக்கு அத்தான்" என்று புளுகிவிட்டு, வேலை இருக்கிறதென்று வைத்துவிடுவேன். போன ஞாயிறு அவர், "மழைக்கு முன்ன வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்" என்றாரே பார்க்கலாம்! எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வராததையும் சேர்த்துத்தான்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"இன்னொரு பெட்டி இருக்குல்லா, அதத் தொறக்காத மாப்ள" என்றார். "அவ நெனப்பு வந்தா எனக்குப் போன் போடு. பிள்ளைகிட்ட பேசுனா அழுதுருதா. எனக்கும் அவளப் பத்திப் பேச ஆளில்ல."

இத்தனை நாளில் எனக்கு அது தோன்றவே இல்லையே அக்கா. அந்த மனுஷன் பூச்சியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

இன்று காலை, பழக்கதோஷத்தில் இரண்டாவது பெட்டியின் மூடியில் கை வைத்துவிட்டேன். வாசலில் ஒரு தேனீ, காலில் மஞ்சள் மகரந்தத்தை அப்பிக்கொண்டு வந்து இறங்கியது. விறுவிறுவென்று உள்ளே போனது. தீனி கொண்டுபோகிறதென்றால் உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. கையை எடுத்தேன். அத்தானைக் கூப்பிட்டேன். கல்யாணமான புதிதில் நீ உப்புமாவைத் தீயவிட்டு, பூனை மேல் பழி போட்ட கதையை ஆரம்பித்தார். ஆபீஸுக்கு லேட்டாகிவிட்டது. போகட்டும்.

இனி அவசியமில்லாமல் மூடியைத் திறக்க மாட்டேன். அத்தானைத்தான் சும்மா சும்மா கூப்பிடுவேன். சத்தியம்.

நீ உயிரோடு இருந்தவரை உன் பேச்சைக் கேட்காத தம்பி,
டேவிட்