காலை 7.52, எல்.டபிள்யூ.

மார்ச் 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக மோட்டல் குளியலறை விளக்கடியில் நின்று நகங்களை ஒட்ட வெட்டினேன். வெள்ளை மாளிகைத் தொலைபேசிச் சீட்டுகளின் அந்தக் கார்பன் நகல்கள் வெங்காயத் தோல் மாதிரி. நகம் பட்டாலே கிழியும். போன முறை ஒன்றின் ஓரத்தைக் கிழித்துவிட்டு நாள் முழுக்கத் திருடி போல உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு நூலகத்தில் இருந்தேன். அந்தப் பழைய அதிபரின் காகிதங்கள் எல்லாம் அவர் பிறந்த இந்தச் சிற்றூருக்கே வந்துவிட்டன. சுற்றிலும் அறுத்து முடித்த சோள வயல், நடுவில் நாற்பது லட்சம் தாள்கள். ஆவணக் காப்பாளர் ஓடெல் என்னைப் பார்த்ததும், "உங்க நாற்காலியை யாருக்கும் குடுக்கல, கொரின். இன்னும் ரெண்டு தடவை வந்தீங்கன்னா பித்தளைல பேர் போட்டுடலாம்" என்றார்.

என் நாற்காலி, என் நாள். நவம்பர் பதினான்கு. டாரோ பள்ளத்தாக்கின் அணை உடைந்த நாள். காலை 7.52-க்கு அந்த மாநில ஆளுநர் ராணுவ ஹெலிகாப்டர் கேட்டு வெள்ளை மாளிகைக்குப் போன் செய்கிறார். அதிபர் அவரைத் திரும்பக் கூப்பிடுவது 11.20-க்கு. இடையில் கூரைகளில் நின்றவர்களில் அறுபத்தொரு பேர் வெள்ளத்தில் போனார்கள். அந்த மூன்றரை மணி நேரம் எங்கே போனது என்று பத்து வருடத்துக்கு முன் நான்தான் கண்டுபிடித்தேன். அந்த ஒரு கட்டுரையால்தான் என்னை இந்தத் துறையில் நாலு பேருக்குத் தெரியும். இப்போது அந்த நாளை மணிக்கு மணி சொல்லும் புத்தகம். முதல் அத்தியாயம் அந்தக் கட்டுரைதான். மே மாதம் பதிப்பாசிரியர் ப்ரென்னாவிடம் கொடுக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

மழை. எட்டுப் பெட்டி பார்த்தேன். ஒன்றுமில்லை. எதிர்க் கடையில் சூப் உப்பு. பிறகு சாப்பிட்ட ஆப்பிள் பை நன்றாக இருந்தது.

மார்ச் 6, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒரு சாதாரண நாளின் தொலைபேசிச் சீட்டு எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் ஒரு பத்தி எழுத நினைத்தேன். அதிபர் பதவியேற்ற முதல் ஆண்டின் பிப்ரவரிப் பெட்டியைக் கேட்டேன். ஓடெல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "காலண்டர்ல நவம்பர் பதினாலைத் தவிர வேற தேதியும் இருக்கா? பத்து வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறீங்க."

சிரித்தேன். பெட்டி வந்தது. பிப்ரவரி 20, பிற்பகல் 3.05. ஒரு செனட்டர் கூப்பிட்டிருக்கிறார், அதிபர் லைனில் வரவில்லை. சீட்டின் கடைசியில் இரண்டு எழுத்து: எல்.டபிள்யூ.

நவம்பர் பதினான்கின் 7.52 சீட்டிலும் கடைசியில் இதே இரண்டு எழுத்துதான். அழைப்பை எடுத்த ஆபரேட்டரின் பெயரெழுத்து என்று படித்தேன். அந்த ஆண்டு பணியாளர் பட்டியலில் பதினோரு ஆபரேட்டர்கள், எல்.டபிள்யூ. என்று ஒரே ஒருத்திதான். லூசில் வெண்ட். ஆளுநரின் அழைப்பை வாங்கிக் குறித்து வைத்துவிட்டு மேலே சொல்ல மறந்தவள் அவள் என்று எழுதினேன். பெயரோடு எழுதினேன்.

லூசில் வெண்ட் வேலைக்குச் சேர்ந்தது அந்த முதல் ஆண்டின் செப்டம்பரில்.

பிப்ரவரியில் எல்.டபிள்யூ. எப்படி?

வேறு யாரோ இருக்கலாம் என்று அடுத்த கோப்பை எடுத்தேன். அதற்கடுத்ததையும். ஒரே நாளில் ஏழு சீட்டுகள். மூன்று வேறு வேறு கையெழுத்து. எல்லாவற்றின் கடைசியிலும் எல்.டபிள்யூ.

அது யாருடைய பெயரும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

ஆபரேட்டர்களின் வருகைப் பதிவைக் கேட்டேன். அது வேறு வரிசையில், மேசை நாற்காலி வாங்கிய ரசீதுகளோடு ஒரு பெட்டியில் இருந்தது. ஓடெல் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து வைத்தார். பத்து நிமிடம்! பத்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தாலும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

நவம்பர் 14. வெண்ட், எல். — விடுப்பு. காரணம்: பல்.

எழுந்து வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தேன். ஏன் என்றால் அந்தப் பல் எனக்குத் தெரியும். கட்டுரை வந்து இரண்டு வருடம் கழித்து லூசில் வெண்ட் எனக்கு ஒரு கடிதம் போட்டார். நீலக் காகிதம், ஒரே பக்கம். யாரோ என் கட்டுரையைக் காட்டினார்களாம். "அன்று நான் வேலையிலேயே இல்லை, கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தேன், தயவுசெய்து சரிபாருங்கள்" என்று எழுதியிருந்தார். நான் படித்தேன். இத்தனை வருடம் கழித்து யாருக்குப் பல் ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். கடிதத்தின் மூலையில் பென்சிலால் 'நினைவு நம்பத்தக்கதல்ல' என்று எழுதி இழுப்பறையில் போட்டேன்.

பதில் போடவில்லை.

என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? ஒரு பொம்பள தன் வாயால சொல்றா, நான் அங்க இல்லன்னு. எழுந்து போய் ஒரு பெட்டியத் திறந்து பாக்க வலிச்சுதா?

மார்ச் 8, சனி

படுத்தே கிடந்தேன். தொலைக்காட்சியில் கூடைப்பந்து. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது.

மார்ச் 10, திங்கள்

எண் கிடைத்தது. எண்பத்து மூன்று வயது, இங்கிருந்து நான்கு மணி நேரத் தொலைவில் தனியாக இருக்கிறார். காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன்.

"வெண்ட் பேசறேன். ஏதாவது விக்கிறதா இருந்தா வேணாம்."

பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம்.

"ஓ. புரொஃபசரம்மாவா."

பிப்ரவரிச் சீட்டு, வருகைப் பதிவு, எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். எல்.டபிள்யூ. என்றால் என்ன என்று கேட்டதும் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு, தொண்டையிலிருந்து.

"லெஃப்ட் வேர்ட். சொல்லி வெச்சாச்சுன்னு அர்த்தம். யாரைக் கேட்டுக் கூப்பிட்டாங்களோ அவர் லைன்ல வரலைன்னா, அவர் பக்கத்துல இருக்கிற யார்கிட்டயாவது விஷயத்தைச் சொல்லிட்டு, அப்புறம்தான் அந்த ரெண்டு எழுத்தைப் போடணும். சொல்லாம போட்டா அன்னிக்கே பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கூட வேலை பாத்த பொண்ணுங்க என்னைக் கிண்டல் பண்ணுவாளுக. 'லூசில், இந்த வீட்ல பதில் வராத போனெல்லாம் உன் கணக்குலதான் ஏறுது'ன்னு."

அந்தப் பெண்களுக்கு இது நகைச்சுவை. நான் அதையே அடிக்குறிப்போடு எழுதியிருக்கிறேன்.

அப்படியானால், 7.52-க்கு அங்கே இருந்த ஆபரேட்டர், அவர் யாராக இருந்தாலும், மேலே சொல்லிவிட்டார். வேலையை ஒழுங்காகச் செய்ததற்கான அடையாளத்தை, செய்யத் தவறியவளின் கையெழுத்து என்று நான் அச்சில் போட்டேன்.

கட்டுரையால் அவருக்கு ஏதாவது தொந்தரவு வந்ததா என்று கேட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை என்றார். கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "சர்ச்ல வெர்லின்னு ஒருத்தர். முப்பது வருஷமா எனக்குப் பின் வரிசை. அவர் மச்சினி அந்த வெள்ளத்துல போனவ. உன் கட்டுரைக்கப்புறம் அந்தாண்ட வரிசைக்கு மாறிட்டார். ஒரு வார்த்தை சொல்லல. நல்ல மனுஷன், இன்னிக்கும் குட் மார்னிங் சொல்வார். அந்தாண்டேர்ந்து."

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. மன்னிப்பு என்ற சொல் இரண்டு மூன்று முறை வந்தது.

பிறகு அவர் கேட்டார். "ஒண்ணு சொல்லு கண்ணு. உனக்கு நான் ஒரு லெட்டர் போட்டேன். கெடச்சுதா?"

இல்லை என்றேன்.

இல்லை என்று சொன்னேன்! யோசிக்கக்கூட இல்லை. கல்லூரியில் அப்போது கட்டடம் மாறினோம், தபால் நிறையத் தொலைந்தது என்று வேறு சேர்த்துக்கொண்டேன். கட்டடம் மாறியது நிஜம். அது அதற்கு அடுத்த வருடம்.

"அடடா" என்றார் அவர். "கெடச்சும் பதில் போடலைன்னு இத்தனை வருஷமா உன்னைத் திட்டிட்டிருந்தேனே. மன்னிச்சுக்கோ கண்ணு."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

ப்ரென்னாவிடம் பேசினேன். முதல் அத்தியாயம் நிற்காது என்றேன். அவள் பதறவில்லை, அதற்குத்தான் பதிப்பாசிரியர்கள். இரண்டு வரித் திருத்தம், ஓர் அடிக்குறிப்பு, பெயரை எடுத்துவிடலாம் என்றாள். "சுருக்கெழுத்தைத் தப்பாப் படிக்கிறது யாருக்கு வேணா நடக்கும், கொரின். இதுக்காக யாரும் உன் தலைய வாங்கப் போறதில்ல." அப்படியே, ஆபரேட்டர் மேலே சொன்னது யாரிடம் என்று தேடு, அந்தப் பெயர் கிடைத்தால் அத்தியாயம் முன்னைவிட நன்றாக இருக்கும் என்றாள். இன்னொரு பெயர் வேண்டும் அவளுக்கு. பத்து வருடத்துக்கு முன் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

வைக்கும் முன் சும்மா கேட்பது போலக் கேட்டாள்: "முன்னாடியே யாரும் உங்கிட்ட இதைச் சொல்லலையே? அதுதான் முக்கியம்."

யாரும் சொல்லவில்லை என்றேன்.

இரண்டு நாளில் இரண்டு.

மார்ச் 12, புதன்

அதிபரின் குடும்பம் வசித்த இரண்டாம் மாடிப் பணியாளர்களின் பதிவேட்டில் அன்று காலை 7.40 முதல் 8.30 வரை ஒரு வரியும் இல்லை. அதிபரின் நாள் விவரத்தில் அந்த நேரத்துக்குக் 'குடும்பத்தோடு காலை உணவு' என்று மட்டும். யாரிடம் சொன்னார்கள், அவர் அதை மேசைக்குக் கொண்டுபோனாரா, மேசையில் இருந்தவர் என்ன சொன்னார் — தெரியவில்லை. 'தெரியவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். அந்தச் சொல்லை நான் அந்தக் கட்டுரையில் ஓரிடத்தில்கூட எழுதவில்லை.

கிளம்பும்போது ஓடெலிடம் விஷயத்தைச் சொன்னேன், கடிதத்தை மட்டும் விட்டுவிட்டு. அவர் பெட்டிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டே, "ஒரு நாளை மட்டும் படிச்சா அந்த நாள்ல நடந்தது எல்லாமே விசேஷமாத்தான் தெரியும்" என்றார். கடிந்து சொல்லவில்லை. வானிலை சொல்வது மாதிரி சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

வீடு. கோட்டைக்கூடக் கழற்றாமல் இழுப்பறையைத் திறந்தேன். இல்லாமல் போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

இருந்தது. உறையின் மேல் என் கல்லூரித் துறை அலுவலகத்தின் முத்திரை: பெறப்பட்டது, அக்டோபர் 9. உள்ளே நீலக் காகிதம். மூலையில் என் பென்சில்.

மற்றவர்களின் மேசைகளில் இப்படி ஒன்றைத் தேடித்தான் இருபது வருடமாக ஊர் ஊராகப் போகிறேன். முத்திரை, தேதி, ஓரக் குறிப்பு. அவருக்குத் தெரியும், இதோ சான்று என்று எழுதும்போது வருமே ஒரு சந்தோஷம்.

அழிக்கும் ரப்பரை எடுத்தேன். பென்சில்தானே, மெதுவாகத் தேய்த்தால் தடமே இருக்காது. உறையைக் கிழித்துப் போட்டால் முத்திரையும் போயிற்று. 'நி' மேல் ரப்பரை வைத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. ஒருமுறை தேய்த்தேன். கொக்கி கொஞ்சம் மங்கியது.

அதோடு நிறுத்திவிட்டேன். நல்ல எண்ணம் எதுவும் வந்து தடுக்கவில்லை. நாளை யாராவது இந்தத் தாளைப் பார்த்தால், இங்கே ஒருத்தி அழிக்க ஆரம்பித்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவாரே என்ற பயம்தான்.

மார்ச் 15, சனி

லூசிலிடமிருந்து ஒரு செய்தி, தொலைபேசிப் பதிவுக் கருவியில். திருத்தம் போடும்போது வெண்ட் என்பதன் ஆங்கில எழுத்துகளில் கடைசி 'டி'யை விட்டுவிட வேண்டாமாம். "போன தடவை அதையும் தின்னுட்டே" என்று சொல்லிச் சிரித்திருந்தார். மூன்று முறை கேட்டேன்.

மார்ச் 17, திங்கள்

திருத்தத்தை எழுதினேன். 'சுருக்கெழுத்து ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால்' என்று தொடங்கியது. ஒழுங்கான வாக்கியம். ஒரு பொய்கூட அதில் இல்லை. இதை அனுப்பினால் எல்லாரும் நேர்மையானவள் என்பார்கள்.

படித்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்தில் லூசிலே இல்லை. அவர் சொன்னார் என்பதும் நான் கேட்கவில்லை என்பதும் எங்கும் இல்லை. தவறு ஏதோ காகிதத்துக்கும் எனக்கும் நடுவில் நடந்தது போல இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன்.

ஆய்விதழுக்குப் போகும் திருத்தத்தில் நீலக் கடிதத்தின் படம் இருக்கும்: உறை, முத்திரை, பென்சில், மங்கிய கொக்கி எல்லாமாக. புத்தகம் வந்தால் முதல் அத்தியாயத்தின் முதல் பக்கமும் அதுதான். ப்ரென்னா ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன். அப்படியானால் புத்தகம் வராது. மூலத் தாளை ஓடெலிடம் கொடுத்து, நவம்பர் பதினான்கின் சீட்டுகளோடு வைக்கச் சொல்லப் போகிறேன். என் கட்டுரையை நம்பி அந்தப் பெட்டியைக் கேட்பவர் இதையும் பார்க்கட்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவர் இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஏற்கெனவே ஒரு முறை அப்படித் தெரிந்துகொண்டார். அவர் கடிதம், அவர் பெயர். வெளியிட வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. கதவைச் சாத்தவும் உரிமை உண்டு.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினால் பத்தரைக்குள் போய்விடலாம். முழுதாக என்ன பேசுவது என்று தெரியவில்லை, முதல் வாக்கியம் மட்டும் இருக்கிறது: உங்கள் கடிதம் எனக்குக் கிடைத்தது, லூசில்.