ஓலை கேட்காதது

ஈப்போ
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு இரவு

அன்புள்ள கார்மென் அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும் என்று இன்று பூசையில் வேண்டிக்கொண்டேன். எனக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொண்டேன், கோபிக்காதே.

எஸ்பிஎம் பரீட்சை முடியும்வரை அப்பா என் போனை ராத்திரி வாங்கி வைத்துக்கொள்கிறார். பகலில் அதை எடுத்துப் பார்க்கவும் செய்கிறார். அதனால்தான் கடிதம். உன் அறைத்தோழி தினேஸ்வரி அக்கா நாளை காலை தஞ்சோங் மாலிமுக்கு ரயில் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்துவிடுவேன். அப்பா தூங்கிவிட்டார். சமையலறை விளக்கில் எழுதுகிறேன்.

உனக்கும் கென்னத் அத்தானுக்கும் இன்று கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். "ஆம்புரோஸ், காலஞ்சென்ற ஜெனட் ஆகியோரின் மகள்" என்றதும் அப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சாமியார் சொன்னபோது எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் என் கையைப் பார்த்தேன்.

அக்கா, என் விரல்கள் வெளுக்கின்றன. டியூஷனில் ஏர்கான் போட்டால் நுனியிலிருந்து பாதி விரல்வரை காகிதம்போல ஆகிவிடுகிறது. பிறகு நீலம். ஷர்வின் பார்த்துவிட்டு, "ஏய், கோதுமை மாவுல கைய விட்டியாலா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? தோட்டத்துப் பால் ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்தான் அவர் கையைத் தின்றது என்று அப்பா இன்னும் சொல்கிறார். தோல் இறுகி, வாய் திறக்க முடியாமல், கடைசியில் மூச்சும் இறுகியதே, அதுவும் ஆசிட்டா?

நான் ரப்பர் பாலைத் தொட்டதே இல்லை, அக்கா.

நான்தான் அந்தத் தடையா? சாமியாரிடம் சொல்லாவிட்டால் பாவமா? பயமாக இருக்கிறது. சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை,
அகதா


தஞ்சோங் மாலிம்
8 ஆகஸ்ட் 2025

என் செல்லம் அகதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று வேலையில் கவனமே இல்லை. சூப்பர்வைசர், "என்ன கார்மென், இப்பவே ஹனிமூனா?" என்று கிண்டல் செய்தார்.

அசடே, ஓலை நோயைப் பற்றிக் கேட்பதில்லை. ஏற்கெனவே கல்யாணம் ஆனவளா, ரத்த உறவா, அதைத்தான் கேட்கும். நீ யாருக்கும் தடை இல்லை. சாமியாரிடம் போகாதே.

விரல் வெளுத்தால் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிளாசைப் பிடித்துக்கொள். சூடு அதிகம் வேண்டாம், ரத்தம் திரும்பும்போது ஊசி ஊசியாய்க் குத்தும். ஐஸ் பெட்டியைத் திறக்காதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாணம்வரை யாரிடமும் சொல்லாதே. போன மாதம் கென்னத்தின் அம்மா என்னிடம், "ஒங்கம்மா எதுல தவறிட்டாங்க?" என்று கேட்டார். ஆசிட் என்றேன். "அப்ப சரி, பரம்பரை இல்ல" என்று என் தலையைத் தடவினார். புரிகிறதா? கல்யாணம் முடிந்ததும் நானே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். சத்தியம்.

முத்தங்களுடன்,
அக்கா


ஈப்போ
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. நற்கருணை வாங்கக் கை நீட்டவும் பயந்து நாக்கில் வாங்கினேன். அப்பா, "பரவால்லயே, பக்தி கூடிருச்சி" என்றார்.

அம்மாவின் படத்தைப் பார்த்தேன். கடைசிக் கிறிஸ்மஸ் படம். உதடு மெலிந்து, சிரிக்கப் பார்த்துச் சிரிக்க முடியாமல் இருக்கிறார். கண்ணாடிக்கு முன்னால் நின்று நான் வாயை அகலத் திறந்து பார்க்கிறேன். தினமும் பார்க்கிறேன். இன்னும் திறக்கிறது.

மணப்பெண் தோழியாக நிற்கும்போது பூச்செண்டு பிடிக்கவேண்டுமே. கோயிலில் புது ஏர்கான் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வேன்?

அகதா


தஞ்சோங் மாலிம்
15 ஆகஸ்ட் 2025

அகதா குட்டிக்கு,

இதனுடன் வெள்ளை லேஸ் கையுறை ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். எனக்கும் அதே மாதிரி வாங்கிவிட்டேன். ஒரே மாதிரி போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், ஸ்டைல் என்று நினைப்பார்கள்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று திட்டாதே. இங்கே வேலையிடத்து ஏர்கானில் குளிர் அதிகம்.

கண்ணாடி முன்னால் நிற்பதை விடு. படி.

அக்கா


ஈப்போ
12 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆயர் தாவாரில் புகுந்த வீடு பழகிவிட்டதா? அத்தை உன்னை நன்றாக வைத்துக்கொள்கிறார் என்று அப்பா சொன்னார். சந்தோஷம்.

நாளை கென்னத் அத்தான் உன் துணிப்பெட்டியை எடுக்க வருகிறார். கடிதத்தை அவர் கையில்தான் தரப்போகிறேன். ஒட்டித் தருவேன். அவரிடம் காட்டுவது உன் இஷ்டம். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. ஏன் என்றும் தெரியும்.

பயிற்சிப் பரீட்சையின்போது பேனா கையிலிருந்து விழுந்தது. என்னால் அதைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. விமலா டீச்சர் கையைப் பார்த்துவிட்டு, அப்பாவை வரச்சொல்லி எங்களைக் கிளினிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் ஒரு சின்ன லென்ஸால் நகத்தோரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ரத்தம் எடுத்தார். "அம்மா எப்படி இறந்தாங்க?" என்று கேட்டார். அப்பா ஆசிட் கதையைச் சொன்னார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "ஆசிட் நுரையீரலை இப்படி இறுக்காது, ஐயா" என்றார். அப்பா, "எனக்குத் தெரியாதுங்க" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. நம் உடம்பே நம் தோலை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிற வியாதியாம். வியாதி அப்படியே பிறப்பில் வருவதில்லை, அது வரக்கூடிய உடல்வாகுதான் குடும்பத்தில் வருகிறது, பலருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் ஆகாது என்றார். சீக்கிரம் தெரிந்தால் நுரையீரலைக் காப்பாற்றப் பார்க்கலாம். பிள்ளை பெறுவதற்கு முன்னால் தெரிந்தால் இன்னும் நல்லதாம்.

பிறகு, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்க விரலும் வெளுக்குமா?" என்று கேட்டார்.

"மூத்தவளுக்கு ஒன்னும் இல்லீங்க" என்றார் அப்பா.

அக்கா, ரத்தம் திரும்பும்போது ஊசியாய்க் குத்தும் என்று எழுதியிருந்தாய். குத்துகிறது என்று நான் உனக்கு எழுதவே இல்லை. பீடத்தில் நீ கையுறையைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றவள் நான். மோதிரம் இறங்கவில்லை. கென்னத் அத்தான், "அளவெடுத்தப்பறம் தெனம் நாசி லெமாக்கா, வெரல் பெருத்துருச்சே?" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், டியூஷனில் நான் சிரித்த மாதிரியே. உன் விரல் வீங்கி, நுனி நீலமாக இருந்தது. மோதிரத்தைச் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டாய்.

"அக்காவுக்கும் இருக்கு டாக்டர்" என்றேன். உன் பெயரையும் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

நீ சொன்னது சரிதான், ஓலை நோயைக் கேட்கவில்லை. ஆனால் டாக்டர் கேட்டார். பொய் சொல்லியிருந்தால் நீ இன்னும் என் அக்காவாக இருந்திருப்பாய். அம்மா மாதிரி கொஞ்ச காலம்.

என்னை மன்னிக்கவேண்டாம், பதிலும் எழுதவேண்டாம். செப்டம்பர் 24, புதன் காலை, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு முறை. நீ வந்தால் உன்னையும் அன்றே பார்ப்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிடும்வரை நிற்பேன்.

கையுறை போடாமல் வா.

அகதா