மாடி வீட்டுத் திரையில் சிவப்பு

பர்ன்லி,
மார்ச், ஞாயிறு மாலை

அன்புள்ள ரோஸ் அக்காவுக்கு,

வின்னி எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அவசரத்தில் இருக்கிறாய், நானும் பாதியை மறந்துவிடுகிறேன். அதனால் இம்முறை பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. பள்ளிக் கட்டுரைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு பெற்ற கட்டுரையையும் படித்தேன், தீர்ப்பு நியாயமானதுதான். உலகத்தின் அடுத்த கோடியில் நீ இருக்கும் டனீடினில் இப்போது கோடை முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் உனக்கு இரவு வேலை குறைந்ததா? நன்றாகச் சாப்பிடு.

இங்கே ஒரு பெரிய விஷயம் நடந்தது. அம்மா அதைப் போனில் உன்னிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள். அது மாடியில் குடியிருக்கும் லோமாக்ஸ் சாரைப் பற்றியது. உனக்கு அவரைப் பிடிக்காது என்று தெரியும். நீ அவருக்கு வைத்த பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. ஆனாலும் கடைசி வரை படி.

ஜனவரியில் அவர் வீட்டைக் காலி செய்யப்போவதாகச் சொல்லிவிட்டார். ரெக்ஸமில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். காரணம் கேட்டால் மின்சாரக் கட்டணம். நூலக வண்டி ஓட்டி வரும் சம்பளத்தில் தாங்கவில்லை என்றார். இனி எனக்குப் புத்தகம் கொண்டுவந்து தர யார் இருக்கிறார்கள்? அம்மா பாத்திரங்களைக் கொஞ்சம் ஓசையோடு கழுவினாள்.

இந்தத் தெருவில் மின்சாரக் கம்பெனி மாற்றுவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை என்பது உனக்குத் தெரியும். எந்தக் கம்பெனி விலை குறைத்தது, எது ஏற்றப்போகிறது என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் பாதித் தெரு மாறியது. வீட்டிலேயே கேக் சுட்டு விற்கும் தொழிலைத் தொடங்கிய பிறகும் நம் கட்டணம் கோழிக்குஞ்சு போலச் சின்னதாக இருந்ததால், எல்லோரும் அவள் வாக்கை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். ஸ்மார்ட் மீட்டரோடு கொடுத்த, மின்செலவைக் காட்டும் சின்னத் திரையை அம்மா ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். அதில் எப்போதும் பச்சை விளக்குத்தான். குறைவாகச் செலவானால் பச்சை, கூடினால் மஞ்சள், இன்னும் கூடினால் சிவப்பு. லோமாக்ஸ் சாரின் திரை பாதி நாள் சிவப்பிலேயே நிற்கும்.

மாடிப்படியில் அவரைப் பார்த்தால் அம்மா விடமாட்டாள். “மாடியில என்ன, கப்பலா கட்டுறீங்க?” என்பாள். “ஒரு கெட்டில், ஒரு ரேடியோ, மிஸஸ் பிரிக்ஸ். கப்பலுக்கு அங்க எடம் பத்தாது” என்பார் அவர். அம்மா சொல்லி அவரும் இரண்டு முறை கம்பெனி மாற்றினார். சிவப்பு போகவில்லை. பிறகு ஹீட்டரை அணைத்தார். அதன் பிறகு ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, பாலை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். வீட்டுக்குள் அவர் கோட்டு போட்டுக்கொண்டு நடப்பதை நீ கேலி செய்வாயே, அதற்குக் காரணம் இதுதான், அக்கா.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். கையுறை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். மேசை விளக்கு ஒன்றுதான் எரிந்தது. திரை பச்சையாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகி, உடனே சிவந்தது. “பாத்தியா வின்னி, நான் மூச்சு விட்டாலே இதுக்குக் கோவம் வந்துருது” என்றார். அப்போது கீழேயிருந்து, “அடுப்பு போட்டாச்சு, ஓடியாந்து கதவைப் படார்னு சாத்தாதே!” என்று அம்மா என்னிடம் கத்தியது தரை வழியாகக் கேட்டது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். கீழே மாவு அடிக்கும் மிக்சர் உறுமியபோது எண் ஏறியது. உறுமல் நின்றதும் இறங்கியது. மறுபடி உறுமல், மறுபடி ஏற்றம். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் கீழே ஓடினேன்.

கசாப்புக் கடைக்காரர் மகளின் கல்யாணக் கேக்கில் அடித்தட்டு மின்சார அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. நான் அம்மாவின் காதில் சொன்னேன். “சும்மா உளறாதே” என்றாள். பிறகு ஜன்னலோரத்துத் திரையைப் பார்த்தாள். அடுப்பு முழு வேகத்தில் எரிய, திரை பச்சையாக இருந்தது. “புது அடுப்பு கம்மியா இழுக்குதுன்னுல்ல நெனச்சேன்...” என்று இழுத்தாள். வாசலுக்கருகே ஒரே அலமாரிக்குள் இருக்கும் இரண்டு மீட்டர்களும் பெயர் மாறி எழுதப்பட்டிருந்தன. நாங்கள் செலவழித்ததற்கு அவர் கட்டினார். அவருடையதற்கு நாங்கள் கட்டினோம். அவருக்கு முன்னால் மாடியிலும் பெரிய குடும்பம் இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அம்மா மாவுக் கையோடு மாடியை அண்ணாந்து பார்த்தாள். “வெள்ளிக்கிழமை அவரு போயிருவாரு” என்று மெதுவாகச் சொன்னாள். அதை என்ன நினைத்துச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் போய்விட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை என்றா, அல்லது அவர் போய்விடுவாரே என்றா? உண்மை வெளியே வந்தால் கேக் தொழிலே நின்றுபோகலாம் என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்தாள். “மேல போய்த் திரையப் பாத்துக்கிட்டு நில்லு. நம்ம வீட்டு மெயின் சுவிட்ச அணைக்கிறேன்” என்றாள். நான், “அம்மா, உள்ள கேக்கு இருக்கு!” என்றேன். “போன்னா போ” என்றாள். கேக் வேகும்போது அடுப்புக் கதவுப் பக்கம் தும்மக்கூட விடாத அம்மா!

நான் மேலே போய் நின்றதும் கீழே எல்லா ஓசையும் அடங்கியது. லோமாக்ஸ் சாரின் திரையில் எண் சுழியத்துக்கு விழுந்தது. அவருடைய மேசை விளக்கு மட்டும் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் விளக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநொடி படிக்கட்டுக்குப் பாய்ந்து, “டெனீஸ்! கேக்கு! சுவிட்சப் போடுங்க, கேக்கு அமுங்கிரும்!” என்று கத்தினார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருட்டுச் சமையலறையிலிருந்து, “அமுங்கட்டும்! உங்க கரண்டுல வெந்த கேக்குதானே!” என்று அம்மா பதிலுக்குக் கத்தினாள்.

கேக் நடுவில் பள்ளமாகி அமுங்கித்தான் போனது. மூன்று பேரும் அதைக் கஸ்டர்ட் ஊற்றிச் சாப்பிட்டோம். அம்மாவுக்குத் தலை நிமிரவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். “ரெண்டு வருஷமா இந்த வாசனைக்குக் காசு கட்டியிருக்கேன். இன்னிக்குத்தான் வாய்க்கு வந்திருக்கு” என்றார். அம்மா சிரித்துக்கொண்டே ஏப்ரனை முகத்தில் வைத்துக்கொண்டாள், கண்ணைத் துடைக்கத்தான். கல்யாணத்துக்கு இன்னொரு கேக் சுட வேண்டும். மாவைத் தட்டில் ஊற்றிவிட்டு, அடுப்பைப் போடக் கை வராமல் நின்றாள். லோமாக்ஸ் சார் எழுந்து போய் அவரே குமிழைத் திருகினார்.

அப்புறம் இரண்டு கம்பெனிகளோடும் போன் சண்டை. இவர்கள் அவர்களைக் கேள் என்றார்கள், அவர்கள் இவர்களைக் கேள் என்றார்கள். கடைசியில் ஒரு அம்மையார் கருவிப்பெட்டியோடு வந்து சோதித்து, “இந்தப் பழைய வீடுகள்ல இது நான் பாக்காத கூத்து இல்ல” என்று சொல்லிச் சரிசெய்தார். பழைய கட்டணங்களையும் திருத்துகிறார்கள். நம் பங்கு பெரியதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தனக்குத் திரும்பி வரும் பணத்தில் பாதியை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார் லோமாக்ஸ் சார். அப்படியானால் இனி உங்களுக்கு ஒரு துண்டு கேக் கிடையாது என்று அம்மா சொன்னதும் அடங்கிவிட்டார்.

அம்மா தெருவில் வீடு வீடாகப் போய், தன் பேச்சைக் கேட்டுக் கம்பெனி மாற்றியவர்களிடம் நடந்ததைச் சொன்னாள். நானும் கூடப் போனேன். பக்கத்து வீட்டு மிஸஸ் பில்லிங், “அப்போ ஒன் கெட்டிக்காரத்தனம் மொத்தமும் மாடி வீட்டுக் கரண்டுதானா?” என்று கேட்டாள். “ஆமா. ஆனா கேக்கு என்னோடது” என்றாள் அம்மா. விலையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறாள். கசாப்புக் கடைக்காரர் முணுமுணுத்துவிட்டு, இரண்டாவது மகளின் கல்யாணத்துக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போனார்.

லோமாக்ஸ் சார் ரெக்ஸம் போகவில்லை. அம்மா இப்போது அவரைப் பெயர் சொல்லி நெவில் என்கிறாள். மாலையில் அவர் கீழே வந்து நம் முன்னறையில் படிக்கிறார். ஒரே ஹீட்டர் எரிந்தால் இரண்டு வீட்டுக்கும் மிச்சம் என்பது அம்மா சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மிச்சம்தான். ஆனால் குளிர் குறைந்த நாட்களிலும் அவர் வருகிறார்.

அப்பாவின் படம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அக்கா. போன வாரம் லோமாக்ஸ் சார் அதன் முன் நின்று, அப்பா பிடித்திருக்கும் மீன் எந்த ஆற்றுடையது என்று கேட்டார். அம்மா அந்தக் கதையை முழுதாகச் சொன்னாள். மீன் நழுவி ஓட, அப்பா சேற்றில் விழுந்தது வரை. அவள் அதைச் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! நான் மடியில் புத்தகத்தை விரித்துவைத்து ஒரு பக்கமும் புரட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகு அம்மா உனக்குப் போன் செய்வாள். முதலில் வானிலையைச் சொல்வாள், அப்புறம் கேக். பிறகு ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்துவாள். அப்போது உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடாதே, அக்கா. வேலைக்கு நேரமாகிவிட்டது என்றும் சொல்லாதே. கொஞ்சம் பொறுத்திரு. அவளாகச் சொல்லட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் அன்புத் தங்கை,
வின்னி