பொன்விழா மலரில் என் பெயர்

ஐப்பசி 9, ஞாயிறு

இன்று ஒருவனை அடித்தேன். பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மகன் அவன். எம்.ஏ. வரலாற்றுக்காக அவர்கள் கம்பெனியைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை இணையத்தில் போட்டிருந்தேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயரைச் சொன்னால் போதும் என்று குறிப்பும் எழுதியிருந்தேன். அதைத் தன் பெயரில் பொன்விழா மலரில் அச்சடித்துவிட்டான். ஆபீசுக்கே போய்க் கேட்டேன்.

"நெட்ல சும்மா கெடந்ததுதானலே? ஒம் பேரு எவனுக்குத் தெரியும்?" என்று சிரித்தான்.

கையிலிருந்த மலரின் தடித்த முதுகால் அவன் வாயிலேயே அடித்தேன். உதடு கிழிந்து அட்டையெல்லாம் ரத்தம். லோடு ஏற்றுகிற இரண்டு பேர் என்னை வாசலுக்கு இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அப்போதும் மலரை விடவில்லை.

அம்மா விலாவில் ஒத்தடம் கொடுத்தாள். "எதுக்குய்யா இம்புட்டு ஆத்திரம்?"

"எம் பேர எடுத்துட்டாம்மா."

அவள் பக்கங்களை மெதுவாகப் புரட்டினாள். கட்டுரையின் முடிவில் விரல் நின்றது.

"இங்கன வெடியில செத்தவுக பேரெல்லாம் எழுதியிருந்தியே. ஒங்கப்பா பேரு எங்கய்யா?"

பட்டியலையே வெட்டியிருந்தான். காலையிலிருந்து இந்த மலரை எத்தனை முறை புரட்டினேன். என் பெயரைத்தான் தேடினேன்.