மூடாத கடைசி முக்கோணம்

ஜூன் 4

என் மேஸ்திரிக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அதுவும் உன் வர்க்கம்தான்.

ஒரு நல்ல செய்தி. பொறியியல் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நம் குழாய்க் கோள வீட்டைக் கழற்றிக் கொண்டுபோய்த் தங்கள் வளாகத்தில் நிறுத்தப் போகிறார்களாம். "தூண் இல்லை, சுவர் இல்லை, முக்கோணமே முக்கோணத்தைத் தாங்குது. நாற்பது வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்கீங்களே சார்!" என்று ஒருவர் கண்கலங்கினார். எனக்கும் கலங்கியது.

இப்போது சங்கடத்தைச் சொல்கிறேன். ஜூலை முதல் தேதி அவர்கள் கல்லூரி முதல்வர் நேரில் பார்க்க வருகிறார். துரு தெரியக் கூடாதே என்று நூற்று அறுபத்தைந்து குழாயையும் கழற்றி வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டேன். நீளம் பிரித்தறிய நுனியில் நீ பூசி வைத்த சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் அதற்கு அடியில் போய்விட்டன. பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரோடு இரண்டு தடவை மாட்டிப் பார்த்தேன். உச்சியில் கடைசி முக்கோணம் மூடமாட்டேன் என்கிறது. வரைபடச் சுருள் ஈரத்தில் கூழாகிவிட்டது. கணக்குப் போட உட்கார்ந்தால் எண்கள் நழுவுகின்றன. வீடு பிரிந்து கிடப்பதால் இரவு பட்டறையில்தான் படுக்கை.

ஒரு வாரம் வந்து போயேன்.

இப்படிக்கு,
நான்தான்


ஜூன் 10

என் பேத்தியின் தாத்தாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலு வருஷத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டும் தார்ப்பாய் எந்தப் பெட்டியில் இருக்கிறது, ஏணி யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டு.

இங்கே எல்லோரும் நலம். பேத்தி வகுப்பிலேயே முதலில் வாசிக்கிறாளாம். ஆசிரியை என்னிடமே சொன்னாள். நான் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. கீழ் வீடு, எதிர் வீடு, காய்கறிக்காரர் இவ்வளவு பேரிடம்தான் சொன்னேன்.

வரைபடம் ஈரத்தில் கூழாகிவிட்டது என்கிறீர்களே, அந்த ஈரம் எங்கிருந்து வந்ததாம்? கேட்டால் "ஒழுகல் இல்லை, வீடு வியர்க்குது" என்பீர்கள். பேத்தி கைக்குழந்தையாக அங்கே இருந்தபோது அவள் தொட்டிலில் சொட்டுச் சொட்டாக விழுந்தபோதும் அதையேதான் சொன்னீர்கள். பிள்ளைக்கு நெஞ்சுச் சளி கட்டிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பதினோராம் நாள் நான் நேரே மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். சண்டை போடவில்லை. சண்டைக்குத் தெம்பு இல்லை.

அந்த வீட்டில் முப்பத்தாறு வருஷம் பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்க ஒரு நேர்ச் சுவர் கிடையாது. பீரோவுக்குப் பின்னால் விழுந்த சீப்புகளை வைத்தே ஒரு கடை போடலாம். ஊரெல்லாம் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு "ஆகா" என்று போகும். ஒழுகின தண்ணீரை வாளி வாளியாக எடுத்து ஊற்றினது நான்.

இவ்வளவு சொல்லிவிட்டு வரமாட்டேன் என்றால் அது பொய். வருகிறேன். மாட்டிக் கொடுக்கிறேன். கல்லூரிக்காரர்கள் கொண்டுபோகட்டும். ஆனால் அதற்கப்புறம் நீங்கள் என்னோடு இங்கே வந்துவிட வேண்டும். தனியாகப் பட்டறையில் படுக்கிற வயசா இது? ஜன்னல் பக்கம் உங்களுக்குக் கட்டில் போட இடம் பார்த்துவிட்டேன். மருமகனிடமும் கேட்டாயிற்று. "மாமா தாராளமா வரட்டும் அத்தை. ஸ்பேனர் மட்டும் கொண்டுவர வேண்டாம், என் வீட்டையும் கழற்றிடுவார்" என்கிறார்.

சரி என்று ஒரு வரி போடுங்கள். அடுத்த வண்டிக்கு ஏறிவிடுகிறேன்.

பேத்தியின் பாட்டி


ஜூன் 17

என் மேஸ்திரிக்கு,

நீ வருவதாக எழுதியதைப் பட்டறைக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப கூரை மூடிடும் சார்" என்றார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கல்லூரியில் வீட்டோடு என்னையும் கேட்கிறார்கள். மாணவர்களுக்கு விளக்க ஆள் வேண்டுமாம். உள்ளேயே தங்கலாம். நான் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்னால் போட்டது என்று எழுத நினைத்தேன். இல்லை, பின்னால்தான்.

நீயும் வரலாம் என்கிறார்கள். வளைவுக்கு ஏற்றாற்போல் அலமாரி செய்து தருகிறார்களாம். மகள் வீட்டில் எனக்கு என்ன வேலை? எல்லா அறையும் பெட்டி. அங்கே நான் யாரோ ஒரு கிழவன். கல்லூரியில் இருபது பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

வாசலில் பெயர்ப் பலகை வைக்கிறார்கள். உன் பெயரும் வேண்டும் என்றேன். வடிவமைத்தவர் பெயர் மட்டும்தானாம்.

எப்போது வருகிறாய்?

நான்தான்


ஜூன் 22

பேத்தியின் தாத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை மகள்தான் முதலில் படித்தாள். என் கையில் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் இல்லை. எழுபத்தாறு வயசில் ஒரு மனுஷனை நாலு பேர் தேடி வருகிறார்கள் என்றால் போகத்தான் வேண்டும். அதைக் கெடுத்தால் நான் மனுஷியில்லை. ஆனால் வளைந்த அலமாரிக்குள் இன்னொரு தடவை என்னால் குடித்தனம் வைக்க முடியாது. நான் வரவில்லை.

அதற்காக ஊர் கூடிப் பார்க்கும்போது உங்கள் கூரை வாயைப் பிளந்துகொண்டு நிற்க விடமாட்டேன். சொல்கிறபடி செய்யுங்கள்.

எல்லாக் குழாயையும் பட்டறைச் சுவரோரம் நிறுத்துங்கள். குட்டையானது முப்பது, கண்ணுக்கே தெரியும். அது சிவப்பு. மற்றதில்தான் நீங்கள் ஏமாந்திருப்பீர்கள். மஞ்சளும் பச்சையும் இரட்டைப் பிள்ளை மாதிரி. பச்சை மஞ்சளைவிட இரண்டு விரல் உயரம். ஒரு மஞ்சளைப் பக்கத்தில் வைத்துத் தடவித் தடவிப் பிரியுங்கள். கண்ணை நம்ப வேண்டாம், கையை நம்புங்கள். மஞ்சள் ஐம்பத்தைந்து, பச்சை எண்பது.

மாட்டும்போது, ஐந்து குழாய் கூடுகிற முடிச்சில் ஐந்தும் சிவப்பு. உச்சியில் ஒன்று, கீழே சுற்றிவர ஐந்து. பச்சை ஆறு ஒரே முடிச்சில் கூடும். சிவப்போ பச்சையோ, எது கூடினாலும் அதைச் சுற்றி வேலி மாதிரி மஞ்சள். தரையோரம் ஐந்து முடிச்சில் மட்டும் பச்சை ஆறுக்குப் பதில் நாலு வரும், பயப்படாதீர்கள். போல்ட்டை முதலிலேயே இறுக்க வேண்டாம். கடைசி முக்கோணம் மூடின பிறகு இறுக்குங்கள்.

இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பெயின்ட் டப்பாவோடு கண்டுபிடித்தது. பலகையில் என் பெயர் வேண்டாம். மழை பெய்தால் அந்தப் பிள்ளைகள் என்னைத் திட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். கிளம்பி வந்த அன்றைக்கே இதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இது என்னிடம் மட்டும் இருந்தால் என்றைக்காவது கூப்பிடுவீர்கள் என்று இருந்தேன். கூப்பிட்டீர்கள். இப்போது எழுதியும் கொடுத்துவிட்டேன்.

பதில் போட நேரம் இருக்காது. முழங்காலோடு ஏணியில் ஏறாதீர்கள், பட்டறைக்காரரை ஏறச் சொல்லுங்கள்.

ஜன்னல் பக்கத்தில் பேத்தியின் மேசையைப் போட்டுவிட்டோம். வெளிச்சம் நன்றாக வருகிறது.

பாட்டி