வார் என் கையில் இருக்கிறது, மச்சான்

போன இடத்திலும் யாரையாவது நிறுத்தி "பெல்ட்டு போட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் என் அருமை மச்சான் ஏழுமலைக்கு,

ஓடிட்டேன் மச்சான்! இன்றைக்குக் காலையில், படப்பையில் நம் வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறார்களே புது லேஅவுட், அதை முழுசாக நான்கு சுற்று. நிற்காமல்! உன் மருமகள் மகிழினியை நீ கொடுத்த வண்டியில் உட்கார வைத்து. மூச்சு வாங்கியது எனக்கு, கை தட்டியது அவள். இதை உனக்குச் சொல்லாமல் செகண்ட் ஷிஃப்டுக்குப் போனால் எனக்கு வேலை ஓடாது. பத்தாவதில் தமிழை எப்படியோ தாண்டினவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தங்கை கலா ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது நீ, பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுகிற அந்த மூன்று சக்கர வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? ஊரைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு இன்ஜினியரிடம் வாங்கியது. "மாமன் சீருன்னா கொலுசு வரும், தட்டு வரும். நீ இன்னாடா தள்ளுவண்டி எட்த்துகினு வந்துகீறே?" என்று கேட்டேன். "உன் தொப்ப உனக்கு முன்னாடி கேட் தாண்டுது மாப்ள. புள்ளய வெச்சி ஓடு. ரெண்டு பேருக்கும் சேத்துதான் சீரு" என்றாய்.

தகடு அடிக்கிற பிரஸ் மெஷினை ஓட்டும் முன் பார்க்க வேண்டியதைக் கம்பெனியில் அட்டையில் எழுதித் தொங்கவிடுவோமே, அதே போல ஓர் அட்டையை மார்க்கரில் எழுதி வண்டியின் கைப்பிடியில் கட்டியிருந்தாய். அடுத்த மாதமே நீ போய்விட்டாய். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் மத்தியானம் இல்லை. எல்லா மெஷினையும் தினமும் செக் பண்ணினவனே, உன்னை ஏன்டா செக் பண்ணிக்கொள்ளவில்லை?

அந்த அட்டையின் முதல் வரி "தலை நின்ன பிறகு ஓடு". நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஓடும்போது என் தலை நேராக நிற்க வேண்டும் என்று. தினமும் கண்ணாடி முன்னால் கழுத்தை விறைத்துக்கொண்டு பழகினேன். கடைசியில் குழந்தை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னபோது அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உங்க தலை இல்லீங்க, பாப்பா தலை. தலை நின்னா மட்டும் பத்தாது, சாயாம உக்காரணும். ஓட்டத்துல கழுத்து குலுங்கும். மாசம் ஏறட்டும், நான் பாத்து சொல்றேன்" என்றார்.

அதுவரை சும்மா இருக்க மனசில்லாமல் அரிசி மூட்டையை வண்டியில் வைத்து, உன் அட்டையில் இருந்தபடி ஐந்து பெல்ட்டையும் போட்டு ஓடிப் பழகினேன். முன் சக்கரத்தை லாக் பண்ணாமல் ஓடின முதல் நாள் வண்டி வெட்டிக்கொண்டு போய், அரிசி மூட்டை பிழைத்தது, என் முட்டி பிழைக்கவில்லை. லேஅவுட் வாசலில் வாட்ச்மேனாக இருக்கும் முனுசாமி அண்ணன் தினமும் கேட்பார்: "இன்னா தணிகா, அரிசிக்கு வூட்ல பொழுது போவலியா?"

அட்டையின் கடைசி வரி "வார் கையில்". கைப்பிடியில் ஒரு வார் தொங்குகிறதே, அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அரிசி மூட்டைக்கு எதற்கு வார் என்று அதில் வீட்டுச் சாவியை மாட்டி வைத்திருந்தேன்.

நீ போன நாளிலிருந்து கலா அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. காதுகுத்தும் அப்படியே நிற்கிறது. மாமன் மடிக்கு எங்கே போவது? அத்தை, அதான் உன் அம்மா, போன வாரம்கூட, "பெரியப்பா புள்ள மடியில வெச்சி குத்திடலாம்டி" என்றார்கள். கலா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

பாப்பாவுக்கு இப்போது ஒன்பது மாதம், நேற்று டாக்டர் சரி சொல்லிவிட்டார். மெதுவாக, சமமான ரோட்டில், கொஞ்ச நேரம் என்றார். காலையில் பாப்பாவுக்குப் பெல்ட் போட்டுக் கிளம்பினேன். கலா கேட் வரை வந்தாள். திடீரென்று அந்த அட்டையைப் பிடித்து உன் குரலிலேயே படித்தாள். "வார் கையில். போட்டியா மாப்ள?" உன்னை மாதிரியே மூக்கால் பேசினாள்! சாவியைக் கழற்றிவிட்டு வாரை மாட்டிக்கொண்டேன். பயத்தால் இல்லை மச்சான், அவள் சிரித்ததால்.

நான்கு சுற்று முடித்து லேஅவுட்டின் வளைவு வாசலில் வந்து நின்றேன். அங்கே ரோடு சரிந்து மெயின் ரோட்டில் இறங்கும். கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிரேக் போடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அப்போது பக்கத்தில் புதிதாக வந்திருக்கிற கம்பெனியில் அலாரத்தை டெஸ்ட் பண்ணினார்கள். நம் பிரஸ் லைன் அலாரத்தின் அதே சத்தம், மச்சான்.

அலாரம் அடித்தால் நாம் என்ன செய்வோம்? பட்டனிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தோளுக்கு மேலே தூக்குவோம். பதினோரு வருஷம், நீ பிரஸ்ஸின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், எதிரும் புதிருமாக. விரலைக் காப்பாற்றின பழக்கம். தூக்கிவிட்டேன். இரண்டு கையையும்.

வண்டி இறங்கியது.

வார் இழுத்தது. கை தோளோடு வருகிற மாதிரி ஒரு இழுப்பு. இரண்டடி இழுபட்டுப் போய்க் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். பிரேக்கைப் போட்டேன். போட்ட பிரேக்கையே மறுபடி மறுபடி மிதித்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் மகிழினி இன்னொரு தடவை என்பது போலச் சிரிக்கிறாள்.

முனுசாமி அண்ணன் ஓடி வந்தார். "இன்னாபா, கைய தூக்கிகினு நிக்கறே? போலீஸ் வந்துச்சா?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் வந்தேன். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையல். கலா பார்த்துவிட்டாள். சொல்லிவிட்டேன், ஒன்று விடாமல். வண்டி இன்றோடு பரணுக்குப் போகும், உன் சீர் போச்சு என்று நினைத்தேன்.

அவள் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு பாத்ரூம் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். வரும்போது கையில் செலோ டேப் இருந்தது. உன் அட்டையில் எழுத்து அழியாமல் ஒட்டினாள். ஒட்டும் முன் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தாள்: "நின்னா பிரேக்".

"அம்மாவுக்கு போன் போடு" என்றாள். "அண்ணன் மடி இல்லன்னு யார் சொன்னது? இன்னிக்கு புடிச்சிகிச்சு இல்ல? இந்த வண்டியிலயே ஒக்கார வெச்சி காது குத்துவோம். அஞ்சு பெல்ட்டும் போட்டு."

அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனிலேயே அழுதார்கள். அழுது முடித்துவிட்டு, "வண்டிக்கு மாலை போடணுமா மாப்ள?" என்று கேட்டார்கள். போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். சக்கரத்தில் சிக்காமல் போட வேண்டும், அவ்வளவுதான்.

பாப்பாவுக்குப் பதினோராம் மாதம் நடக்கும்போது காதுகுத்து, மச்சான். அதற்குள் ஆறு சுற்று ஓடுவேன். அந்த நாளில் பிரேக் போட்டு, வாரைக் கையில் மாட்டிக்கொண்டு உன் பக்கத்தில் நிற்பேன். ஆசாரி ஊசியை எடுக்கும் நேரத்தில் நம் கம்பெனி இருக்கிற இந்த ஒரகடத்தில் உள்ள அத்தனை கம்பெனி அலாரமும் சேர்ந்து அடித்தாலும் கையைத் தூக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
உன் மருமகளின் வண்டிக்காரன்,
தணிகாசலம்