பத்துக்கு நாலு

ஜூலை 17, வியாழன்

வலி தணிக்க வாரந்தோறும் வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ் ஷீபா சிஸ்டர் இன்றும் அம்மாவிடம் கேட்டார். "சேச்சி, எலும்பு வேதனைக்குப் பத்துல எத்தனை மார்க் போடுவீங்க?"

"நாலு," என்றாள் அம்மா. கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ராத்திரி முழுக்க உறங்கல்லியே அம்மா. பின்ன எப்படி நாலு?"

"பத்து, கர்த்தர் சிலுவையில பட்டதாக்கும் மக்கா. நமக்கு நாலே கூடுதல்."

சிஸ்டரும் எங்கள் சபைதான். நோட்டில் நாலு என்றே எழுதினார். நான் யோசித்துவிட்டுக் கேட்டேன். "அப்போ என்னைப் பெத்ததுக்கு எத்தனை?"

அம்மா சிரித்தாள். "அது மூணு. உனக்கு அப்பவே பெரிய தலையாக்கும்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. அவர் இரண்டு பிள்ளை பெற்றவர். நாலுக்குப் பக்கத்தில், 'பிரசவ வலியைவிடக் கூடுதல்' என்று எழுதி, அப்போதே டாக்டரை போனில் கூப்பிட்டார்.

சாயங்காலம் அப்பா நெய்யாற்றின்கரையிலிருந்து புது மாத்திரை வாங்கி வந்தார்.

அம்மா உறங்குகிறாள். நான் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். கை சட்டத்தில் இல்லை. போர்வைமேல் விரிந்து கிடக்கிறது.